நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா? போர்டு கேம் அறையை அடுக்க ஓர் ஒப்பீடு

போர்டு கேம் பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும்வரை அவற்றை எங்கே வைத்தாலும் பெரிய குறையில்லை. ஐம்பதை நெருங்கும்போதுதான் கணக்கு உதைக்கும். ரெடிமேட் அலமாரி வாங்குவதா, தச்சரிடம் செய்யச் சொல்வதா? பெட்டிகளைப் புத்தகம்போல நிற்க வைப்பதா, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைப்பதா? அகரவரிசையா, ஆட்கணக்கா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது, எல்லாப் பதிலும் ஓரளவு சரியாகவும் இருக்கிறது.

இங்கே எல்லா வழிகளையும் ஒரே கேள்வியால் அளந்து பார்ப்போம். இரவு பதினொன்றரைக்கு ஆட்டம் முடிகிறது, பாதிப் பேர் கிளம்பியாயிற்று. மிச்சமிருக்கும் ஒருவர், வேறு எந்தப் பெட்டியையும் நகர்த்தாமல், அந்தப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட முடியுமா? எடுக்கும்போது எல்லோரிடமும் ஆர்வம் இருக்கும். மூன்று பெட்டியை இறக்கிவிட்டு நான்காவதை உருவ யாரும் தயங்குவதில்லை. வைக்கும்போது தூக்கம்தான் இருக்கும். எவ்வளவு அழகான அடுக்கும் குலைவது அந்த நேரத்தில்தான். நாலு நாளில் மேஜை ஓரத்தில் ஒரு குவியல் எழும், ஒரு மாதத்தில் அதுவே இரண்டாவது அலமாரி ஆகிவிடும்.

முதலில் டேப்பை எடுங்கள்

அலமாரியைப் பற்றி யோசிக்கும் முன் பெட்டிகளை அளந்துவிட வேண்டும். நவீன போர்டு கேம்களில் அதிகம் புழங்குவது கிட்டத்தட்ட 30 × 30 × 7 செ.மீ. சதுரப் பெட்டி. கட்டான், டிக்கெட் டு ரைடு இரண்டும் இந்த ரகம். கார்கசோன் மாதிரி ஆட்டங்களுக்கு 27 × 19 செ.மீ. அளவில் நடுத்தரப் பெட்டி. மோனோபோலி போன்ற பழைய பாணி ஆட்டங்கள் 40 செ.மீ. நீளத்தில் தட்டையாக வரும். சீட்டாட்டப் பெட்டிகள் கையடக்கம். கடைசியில் அசுர ரகம்: குளூம்ஹேவன் முதல் பதிப்பு 40 செ.மீ.க்குமேல் நீளம், 30 அகலம், 19 உயரம், எடை 10 கிலோவை ஒட்டி வரும்.

இவற்றை எண்ணி ஒரு தாளில் எழுதினால் பெரும்பாலும் ஒரு விஷயம் கண்ணில் படும். பத்தில் ஏழெட்டுப் பெட்டிகள் ஒரே குடும்பமாக இருக்கும். அந்த ஏழெட்டுக்காகத்தான் அலமாரி. அசுரப் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று எல்லாத் தட்டையும் 45 செ.மீ. ஆழத்தில் செய்தால், மற்ற பெட்டிகள் எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், முன்னால் காலியாகக் கிடக்கும் 15 செ.மீ.யில் சாவி, சார்ஜர், பகடை எல்லாம் குடியேறும்.

எந்த அலமாரி?

போர்டு கேம்காரர்கள் மத்தியில் அதிகம் அடிபடும் பெயர் ஐகியாவின் கல்லக்ஸ். ஒவ்வொரு கட்டமும் உள்ளளவில் 33 × 33 செ.மீ., ஆழம் 39 செ.மீ. சதுரப் பெட்டி 30 என்பதால் மேலே விரல் நுழைய 3 செ.மீ. கிடைக்கிறது. ஒரு கட்டத்தில் 7 செ.மீ. பெட்டி நான்கு நிற்கும். மீதி 5 செ.மீ.யில் ஒல்லியான சீட்டாட்டம் ஒன்றைச் செருகலாம். நான்குக்கு நான்கு அலமாரியில் 16 கட்டம், அதாவது 64 சதுரப் பெட்டிகள். முக்கியமான லாபம் எண்ணிக்கை அல்ல. கட்டம் சிறியதாக இருப்பதால் ஒரு பெட்டியை உருவினால் மற்ற மூன்று சாய்ந்து விழாது, இடைவெளி அப்படியே காத்திருக்கும். பதினொன்றரை மணிச் சோதனையில் இது முதல் மதிப்பெண் வாங்குவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. ஆழம் 39 என்பதால் 30 செ.மீ. பெட்டியைத் தள்ளினால் 9 செ.மீ. பின்னால் போய்விடும், ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று வரிசை பல்லிளிக்கும். பின்பக்கம் 8 செ.மீ. கனத்துக்கு ஒரு மரக்கட்டையோ மடித்த அட்டைப்பெட்டியோ வைத்தால் பெட்டி முகங்கள் ஒரே கோட்டில் நிற்கும். அடுத்தது எடை. ஒரு கட்டத்துக்கு 13 கிலோதான் வரம்பு. ஒன்றரை, இரண்டு கிலோப் பெட்டி நான்கு என்றால் கவலையில்லை. மினியேச்சர் (சிறு பொம்மைக் காய்கள்) நிறைந்த பெட்டிகளை மூன்று நான்கு சேர்த்துத் திணித்தால் வரம்பைத் தொட்டுவிடும். வெளிப் பலகைக்குள் இருப்பது கெட்டி மரம் அல்ல, தேன்கூடுபோல மடித்த காகித அட்டை. கண்ட இடத்தில் திருகாணி போட்டால் பிடிக்காது.

அதே நிறுவனத்தின் பில்லி புத்தக அலமாரி பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதன் ஆழம் 28 செ.மீ.தான், உள்ளே 26. சதுரப் பெட்டி வெளியே சில செ.மீ. துருத்தும். விழாது, ஆனால் கடந்து போகிறவர் தோள் அதைத்தான் முதலில் உரசும். கார்கசோன் அளவுப் பெட்டிகளுக்கும் சீட்டாட்டங்களுக்கும் பில்லி கச்சிதம். தட்டு உயரத்தை மாற்ற முடிவது இதன் பலம். 80 செ.மீ. அகலத் தட்டு தொய்வது இதன் பலவீனம்.

இந்தத் தொய்வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தச்சரிடம் செய்யச் சொல்கிறவர்கள் இடறுவதும் இங்கேதான். ஒரு தட்டின் மேல் சீராக எடை பரவியிருக்கும்போது, அது நடுவில் எவ்வளவு இறங்கும் என்பது நீளத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 60 செ.மீ. தட்டை 80 செ.மீ. ஆக்கினால் தொய்வு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று மனம் சொல்லும். உண்மையில் மூன்று மடங்குக்குமேல் ஆகிறது. பலகைக் கனம் இதற்கு எதிர்த்திசையில் உதவுகிறது: 18 மி.மீ. பலகைக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் தொய்வு ஏறக்குறைய 2.7 மடங்கு குறையும். பார்ட்டிகிள் போர்டு போன்ற அழுத்துப்பலகையில் இன்னொரு சிக்கல் உண்டு. முதல் நாள் நேராக இருக்கும் தட்டு, எடை மாறாமலே, மாதக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே போகும்.

ஆகவே செய்யச் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: 18 மி.மீ. பிளைவுட், இரண்டு செங்குத்துப் பலகைகளுக்கு நடுவே 65 முதல் 70 செ.மீ., உள் ஆழம் 31 அல்லது 32 செ.மீ., தட்டுக்குத் தட்டு 33 செ.மீ. உயரம், தட்டின் முன்விளிம்பில் 40 மி.மீ. உயரத்தில் கெட்டி மரச்சட்டம் ஒட்டித் திருக வேண்டும். சட்டம் தட்டுக்குக் கீழே தொங்குமாறு வைத்தால் அந்த அளவு உயரத்தைத் தட்டு இடைவெளியில் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு, கடைசியில் 30 செ.மீ. பெட்டி 29 செ.மீ. வாய்க்குள் நுழையாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. உயரம் மாற்றும் துளைகளை 3.2 செ.மீ. இடைவெளியில் போடச் சொல்வது நல்லது. பெட்டி அளவுகள் பதிப்பாளருக்குப் பதிப்பாளர் மாறுகின்றன. இன்றைய கணக்கு இரண்டு வருடத்தில் பொய்க்கலாம்.

இரும்பு ரேக் பார்க்க அழகில்லை, ஆனால் எடை தாங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அசுரப் பெட்டி நான்கைந்து இருந்தால் அவற்றுக்கு மட்டும் ஒரு ரேக் போடுவது புத்திசாலித்தனம். கவனிக்க வேண்டியது மூன்று. மூலைத் தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகள் பெட்டியின் ஓரத்தைக் கீறும், அதனால் போல்ட்டை உள்ளிருந்து வெளியே வருமாறு பூட்டி நட்டு வெளிப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தட்டின் மடிந்த விளிம்பில் பெட்டி இடித்துத் தடுக்கும். கம்பி வலைத் தட்டு என்றால் கீழ்ப்பெட்டியின் அடியில் கம்பிக் கோடுகள் பதியும். மேலே 6 மி.மீ. பிளைவுட் ஒன்றை வெட்டிப் போட்டால் தீர்ந்தது.

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி தூசியையும் குழந்தை கைகளையும் தடுக்கும். ஆனால் திறப்பது ஒரு வேலை, மூடுவது இன்னொரு வேலை. கதவு திறக்க முன்னால் இடம் வேண்டும், அங்கே ஏற்கெனவே ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பார். ஈரப்பதம் உள்ளே புகுந்தால் வெளியேறாது. சேகரிப்பதற்காகவே வைத்திருக்கும் அரிய பதிப்புகளுக்குச் சரி, வாரந்தோறும் ஆடும் ஆட்டங்களுக்கு வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தாங்கி வைத்த அடுக்குகளும் உண்டு: நான்கு தூண், நடுவே பெட்டிக்கு ஒரு மெல்லிய தட்டு. பெட்டி படுத்தே இருக்கும், மேலே எடை இருக்காது, இழுத்தால் டிராயர்போல வரும். சோதனையில் இதுவும் முழு மதிப்பெண் வாங்கும். விலைதான் மற்றவற்றைவிடப் பல மடங்கு. இடமும் கூடுதலாகத் தின்னும்.

எதை வாங்கினாலும், செய்தாலும், இடுப்பு உயரத்துக்குமேல் போகும் அலமாரியைச் சுவரோடு எல் வடிவப் பட்டியால் பூட்டியே ஆக வேண்டும். 64 பெட்டி சராசரி ஒன்றரைக் கிலோ என்றால் 96 கிலோ. அதில் ஏறிப் பார்க்க ஆசைப்படும் குழந்தை எந்த வீட்டிலும் இருக்கும்.

நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா?

படுக்க வைப்பதற்கு ஆதரவான வாதம் வலுவானது: உள்ளே இருப்பவை கலையாது. பதிப்பாளர் தரும் பிளாஸ்டிக் தட்டு, அதாவது இன்செர்ட், பெட்டி படுத்திருக்கும் என்று நம்பித்தான் வடிவமைக்கப்படுகிறது. நிற்க வைத்தால் குழிகளுக்குள் இருக்கும் காய்கள் மேல்விளிம்பைத் தாண்டி வழிந்து, திறக்கும்போது ஐந்து நிறமும் ஒரே மூலையில் குவிந்து கிடக்கும்.

எதிரான வாதம் பெட்டியின் உடற்கூற்றிலிருந்து வருகிறது. பெட்டிச் சுவர் சுமார் 2 மி.மீ. தடித்த அட்டை. எடை நேராகச் சுவர்மேல் இறங்கினால் அது நன்றாகவே தாங்கும். ஒரே அளவுப் பெட்டிகளை அடுக்கும்போது எடை சுவரிலிருந்து சுவருக்கு இறங்குகிறது. சிறிய பெட்டியைப் பெரிய பெட்டியின்மேல் வைத்தால் எடை மூடியின் நடுவில் விழுகிறது. அங்கே தாங்க எதுவும் இல்லை. ‘பெரியது கீழே, சிறியது மேலே’ என்று கோபுரம் கட்டுவதுதான் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும். மூடிகள் குழிவதும் அதனால்தான். இன்செர்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஜிப்லாக் கவரில் போட்டவர்களுக்கு இது இரட்டை நஷ்டம்: மூடிக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்க இருந்த ஒரே பொருளும் போய்விட்டது.

இன்னொன்றும் நடக்கும். ஐந்து பெட்டி அடுக்கில் நான்காவதை இழுக்கும்போது மேலே இருக்கும் மூன்றும் சேர்ந்து நகரும். ஒரு கையால் மேலடுக்கைத் தூக்கிப் பிடித்து மறு கையால் இழுக்கும் வித்தையில், மூடி மட்டும் கையோடு வந்து அடிப்பெட்டி அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. திருப்பி வைக்கும்போது? யாரும் நான்காவது இடத்தில் வைப்பதில்லை, உச்சியில்தான் வைக்கிறார்கள். ஒரு வருடத்தில் அடிக்கடி ஆடுவது எல்லாம் மேலே, ஆடாதது எல்லாம் அடியில் என்று அடுக்கு தானாக வரிசைப்பட்டுவிடும். சிலருக்கு அதுவும் வசதிதான்.

நம் தீர்ப்பு: சதுரப் பெட்டிகள் நிற்கட்டும். ஆனால் நிற்க வைக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் ‘நிற்கத் தகுந்ததா’ என்று பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் மேல்மட்டப் பொருளுக்கும் (பெரும்பாலும் பலகை அல்லது விதிப்புத்தகம்) பெட்டி விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளவுகோலால் பாருங்கள். 3 மி.மீ.க்குள் என்றால் பலகையே மூடிபோல எல்லாவற்றையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் என்றால் அந்த இடைவெளி அளவுக்கு மெல்லிய ஃபோம் தாளோ, டோக்கன்களைப் பெயர்த்தெடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டை அட்டைச் சட்டங்களோ அடியில் போட்டு எல்லாவற்றையும் உயர்த்திவிடலாம். அந்தச் சட்டங்களைக் குப்பையில் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதிய காரணம். பிறகு மூடியை அழுத்தி மூடி, பெட்டியை நிமிர்த்தி இரண்டு தடவை குலுக்குங்கள். சலசலவென்று சத்தம் வந்தால் இன்னும் ஏதோ கவருக்கு வெளியே இருக்கிறது.

மூடி தளர்ந்த பழைய பெட்டிகளுக்கு எலாஸ்டிக் பட்டை போடலாம். சாதாரண ரப்பர் பேண்ட் வேண்டாம். சூட்டில் இளகிப் பெட்டியில் ஒட்டிக் கறை விடும், இல்லாவிட்டால் காய்ந்து அறுந்து போகும். துணி எலாஸ்டிக் 2.5 செ.மீ. அகலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 30 × 7 செ.மீ. பெட்டியின் சுற்றளவு 74 செ.மீ. பட்டையை 62 செ.மீ. வளையமாகத் தைத்தால் போதும். அதைவிட இறுக்கினால் ஓரங்கள் உள்ளே மடிந்து பள்ளம் விழும்.

எதற்கும் விதிவிலக்கு உண்டு. 5 கிலோவைத் தாண்டும் பெட்டிகளை நிற்க வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எடை ஒரு பக்கச் சுவரின்மேல் சாய்ந்து அதைப் பிதுக்கும், ஓரத்து ஒட்டும் பிரியும். அவை மிகக் கீழ்த்தட்டில், படுத்த நிலையில், ஒன்றன்மேல் ஒன்று இரண்டுக்கு மேல் போகாமல் இருக்கட்டும். முட்டி உயரத்தில் இருந்தால் தூக்கவும் முதுகு ஒத்துழைக்கும்.

சீட்டாட்டச் சிறு பெட்டிகளை அலமாரியில் வரிசையாக வைத்தால் பின்வரிசை மறைந்துவிடும். ஆழம் குறைந்த டிராயர்தான் இவற்றுக்குத் தோது: உள் உயரம் 12 செ.மீ., பெட்டிகள் பெயர் மேலே தெரியும்படி நிற்க வேண்டும். டிராயர் இல்லாவிட்டால் பின்வரிசையை 10 செ.மீ. உயர்த்தும் படிக்கட்டு ஒன்று போடலாம். பெட்டியே வேண்டாம் என்று துணிகிறவர்களுக்கு இன்னொரு வழி: 4 × 6 அங்குலப் புகைப்படங்களை வைக்க விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒரு சிறு பெட்டிக்குள் 63.5 × 88 மி.மீ. வழக்கமான சீட்டுகள் இரண்டு அடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். பதினாறு ஆட்டங்கள் கைப்பிடி வைத்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும், பயணத்துக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் அசல் பெட்டி இல்லாத ஆட்டத்தைப் பின்னால் விற்பது கடினம்.

எந்த வரிசை?

அகரவரிசை நூலகத்துக்கு ஏற்றது. நூலகத்துக்கு வருகிறவருக்குத் தலைப்பு தெரியும். ஆட்டத்துக்கு வருகிறவர் கேட்பது ‘ஐந்து பேர் இருக்கிறோம், ஒரு மணி நேரம் இருக்கிறது, என்ன ஆடலாம்?’ என்றுதான். அகரவரிசை அந்தக் கேள்விக்கு வாயே திறக்காது. போதாததற்கு, பெட்டி அளவுகள் அகரவரிசைக்குக் கட்டுப்படாது. கார்கசோனும் குளூம்ஹேவனும் ஒரே தட்டில் வந்து நிற்கும்.

நிறவாரியாக அடுக்குவது புகைப்படத்துக்கு. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கடினத்தன்மை வைத்து அடுக்கலாம். போர்டுகேம்கீக் தளம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1 முதல் 5 வரை தரும் எடைப் புள்ளி இதற்கு உதவும். ஒரே வட்டம் அடிக்கடி கூடுகிற வீட்டில் இது நன்றாக வேலை செய்யும். புதியவர்கள் அடிக்கடி வருகிற வீட்டில் ஆட்கணக்கே சிறந்தது: இருவர் ஆட்டங்கள் ஒரு பத்தி, மூன்று முதல் ஐந்து பேர் நடுவில், ஆறும் அதற்குமேலும் இன்னொரு பத்தி. பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ‘2–5 பேர்’ என்று போட்டிருக்கும் பல ஆட்டங்கள் மூன்று அல்லது நான்கு பேருக்குத்தான் களைகட்டும். உங்கள் வட்டம் ரசித்து ஆடும் எண்ணிக்கை எதுவோ அந்தப் பத்தியில் வையுங்கள். ஒவ்வொரு பத்திக்குள்ளும் குறைந்த நேர ஆட்டம் மேலே, நீண்டது கீழே. இப்படி வைத்தால் தடித்த பெட்டிகள் இயல்பாகவே கீழே போய்ச் சேரும், எடைக் கணக்கும் சரியாகிவிடும்.

அடையாள ஒட்டிகளைப் பெட்டிமேல் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது அச்சும் சேர்ந்து வரும். தட்டின் விளிம்பில் ஒட்டுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், பகடை, சிறு காய் உள்ள ஆட்டங்கள் எந்த வரிசைக்கும் கட்டுப்படாமல் மேல்தட்டுக்குப் போக வேண்டும். 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பதே பொம்மைப் பாதுகாப்பு விதிகளின் அளவுகோல்.

பெட்டிக்குள்ளே

அலமாரி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பெட்டியைத் திறந்து இருபது நிமிடம் காய் பிரிக்க வேண்டியிருந்தால் அந்த ஆட்டம் மேஜைக்கு வராது. இங்கே நான்கு வழிகள் போட்டியிடுகின்றன: ஜிப்லாக் கவர், அறைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பா, ஃபோம்போர்டில் (இரு பக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம் பலகை) நாமே செய்யும் இன்செர்ட், வாங்கும் மர அல்லது 3டி அச்சு இன்செர்ட்.

கவர்தான் மலிவு, எடையற்றது, எந்தப் பெட்டிக்கும் பொருந்தும், நிற்க வைத்தாலும் கலையாது. 50 மைக்ரான் கவர் சில மாதத்தில் மூலையில் கிழியும். 100 மைக்ரான் எடுங்கள். மூலையில் குண்டூசியால் ஒரு துளை போட்டால் காற்று வெளியேறிக் கவர் தட்டையாகும், மூடியும் எழும்பி நிற்காது.

கவர் எத்தனை என்பதைவிட எப்படிப் பிரிக்கிறோம் என்பது முக்கியம். கட்டானையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறத்திலும் 5 குடியிருப்பு, 4 நகரம், 15 சாலை, ஆக 24 காய், நான்கு நிறம். முதல்முறை அடுக்குகிறவர் பெரும்பாலும் வகைவாரியாகப் பிரிப்பார்: குடியிருப்பு ஒரு கவர், நகரம் ஒரு கவர், சாலை ஒரு கவர். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆடத் தொடங்கும்போது நான்கு பேரும் மூன்று கவரிலும் கைவிட்டுத் தன் நிறத்தைப் பொறுக்க வேண்டும். மாறாக ஆளுக்கொரு கவர் என்று பிரித்தால், ஆளுக்கு ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நீங்கள் 19 நிலத் துண்டுகளைப் பரப்பத் தொடங்கலாம்; அவர்கள் காய்களை எடுத்து முடிக்கும்போது பலகையும் தயாராகிவிடும். 18 எண் வில்லைகள், இரண்டு பகடை, கொள்ளைக்காரன் ஆகிய மூன்றும் ஒரு கவர். 95 வளச் சீட்டுகளை வகை பிரித்து வைப்பது ஆடும்போது உதவும். 25 வளர்ச்சிச் சீட்டுகள் தனி. மொத்தம் ஏழெட்டுக் கவர். எந்த ஆட்டத்துக்கும் இதே யோசனைதான்: யார் கைக்குப் போகிறதோ அவர் பெயரில் பிரிக்க வேண்டும்.

அறைகள் உள்ள டப்பா, அதாவது தூண்டில் சாமான்களுக்கு விற்கும் ரகம், மேஜையில் அப்படியே திறந்து வைத்துப் பொதுக் குவியலாகப் பயன்படும். நாணயம், வளக்காய் நிறைந்த ஆட்டங்களுக்கு இது அருமை. வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: மூடியை மூடியபின் அறைச்சுவரின் மேல்விளிம்பு மூடியைத் தொட வேண்டும். தொடாவிட்டால், நிற்க வைத்ததும் சிறு காய்கள் சுவரேறிக் குதித்துப் பக்கத்து அறைக்குப் போய்விடும்.

ஃபோம்போர்டு இன்செர்ட் செய்வது பொறுமைக்கான வேலை. 5 மி.மீ. பலகை, வெள்ளைப் பசை, இரும்பு அளவுகோல், கழற்றி மாற்றும் பிளேடுக் கத்தி போதும். பிளேடு கொஞ்சம் மழுங்கினாலும் உள்ளே இருக்கும் ஃபோம் பிய்ந்து துருத்தும், அதனால் சில வெட்டுக்கு ஒருமுறை நுனியை ஒடித்துப் புதிது எடுக்க வேண்டும். சூப்பர் க்ளூவும் கரைப்பான் கலந்த பசைகளும் பாலிஸ்டைரீன் ஃபோமைத் தின்றுவிடும். ஒட்டிய இடம் உள்வாங்கிப் பள்ளமாகும். அளவெடுக்கும்போது சுவர்களை மறக்கக் கூடாது: ஒரு வரிசையில் நான்கு அறை என்றால் ஐந்து சுவர், 25 மி.மீ. போயிற்று. சீட்டு அறைக்கு ஸ்லீவோடு (சீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை) அளந்து 3 மி.மீ. கூட்டுங்கள், முன்சுவரில் விரல் நுழைய அரைவட்டம் வெட்டுங்கள். அரைவட்டம் இல்லாத அறையிலிருந்து சீட்டை எடுக்கப் பெட்டியைக் கவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மர இன்செர்ட் உறுதி, அழகு. பெட்டிக்கு அரைக் கிலோ கூடும். 3டி அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் என்றால் 60 டிகிரி செல்சியஸ் அருகில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த பெட்டியில் அறைகள் கோணிக்கொள்வது இதனால்தான். இந்த இரண்டையும் வாங்கும் முன், அது ஸ்லீவ் போட்ட சீட்டுக்கா, போடாத சீட்டுக்கா, எந்த எக்ஸ்பேன்ஷன் (அடிப்படை ஆட்டத்தோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) வரை இடம் வைத்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்லீவைப் பற்றி ஒரு கணக்கு. டொமினியன் என்ற சீட்டாட்டத்தில் 500 சீட்டு. சீட்டு ஒன்று 0.3 மி.மீ. என்று வைத்தால் அடுக்கு 15 செ.மீ. ஒரு பக்கம் 0.1 மி.மீ. தடிமனுள்ள உயர்தர ஸ்லீவ் போட்டால் சீட்டுக்கு 0.2 கூடும்: 25 செ.மீ. இடையில் சிக்கும் காற்று தனி. பதிப்பாளர் கொடுத்த தட்டில் அது அடங்காது. அதிகம் குலுக்கும் சீட்டுகளுக்கும், திரும்பக் கிடைக்காத பதிப்புகளுக்கும் மட்டும் தடித்த ஸ்லீவ் போட்டால் போதும். பி.வி.சி. ஸ்லீவ் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். பாலிப்ரொப்பிலீன் எடுங்கள்.

எக்ஸ்பேன்ஷன்: சேர்த்தா, தனியா?

எப்போதும் சேர்த்தே ஆடுவதானால் ஒரே பெட்டி; எப்போதாவது என்றால் தனி. இதில் குழப்பம் வருவது சேர்த்தபின் பிரிக்க முடியாத ஆட்டங்களில்தான். கார்கசோனின் அடிப்படைப் பெட்டியில் 72 நிலத்துண்டு; எக்ஸ்பேன்ஷன் துண்டுகளின் முதுகும் அதே மாதிரி இருக்கும். உங்கள் பதிப்பில் துண்டின் முகத்தில் அடையாளச் சின்னம் இல்லையென்றால், கலக்கும் முன் எக்ஸ்பேன்ஷன் துண்டுகளை வரிசையாகப் பரப்பி ஒரு புகைப்படம் எடுத்துப் பெட்டி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.

காலியான எக்ஸ்பேன்ஷன் பெட்டிகள் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். அவற்றைப் பரண்மேல் வைக்கலாம். மூடி எழும்பி நிற்கும் அளவுக்கு மட்டும் அடிப்படைப் பெட்டியைத் திணிக்காதீர்கள். 5 மி.மீ. எழும்பினாலே நிற்க வைத்த பெட்டி தானாகத் திறந்துகொள்ளும்.

வெயிலும் ஈரமும்

அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் மங்கும்; நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் சன்னலோரம் இருந்த பெட்டி இரண்டு வருடத்தில் வெளிறிய நீலமாகத் தெரியும். நேர் வெயில் படாத சுவர்தான் அலமாரிக்கு. அது வெளிச்சுவர் என்றால் 5 செ.மீ. விட்டு வையுங்கள், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்போது பின்பக்கம் காற்று ஓட வேண்டும்.

ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் காகிதத்துக்கு நல்லது. 65க்குமேல் நீடித்தால் பூஞ்சை வரலாம். சிறிய ஈரமானி ஒன்றை நடுத்தட்டில் வையுங்கள். ஆட்டப் பலகை வளைவதற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் ஈரம் புகாத பூச்சு இருப்பது: ஒரு பக்கம் உப்பும், மறுபக்கம் உப்பாது. சமதளமான இரண்டு பலகைக்கு நடுவே கனமான பொருள் ஏற்றி ஒரு வாரம் வைத்தால் பெரும்பாலும் நேராகும். சிலிக்கா ஜெல் பைகள் மூடிய பெட்டிக்குள் வேலை செய்யும். திறந்த அலமாரியில் போடுவது அறையையே உலர்த்த முயல்வதுபோல. நாப்தலீன் உருண்டைகளை ஆட்டப் பெட்டிக்குள் போடாதீர்கள், அதன் ஆவி பாலிஸ்டைரீன் போன்ற சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். பூச்சிக்குத் தட்டைத் துடைத்து வைப்பதும், மாதம் ஒருமுறை பெட்டிகளை நகர்த்திப் பார்ப்பதும் போதும்.

பட்டியல், காலி இடம்

எண்பது பெட்டிக்குமேல் போனால் பட்டியல் தேவைப்படும். போர்டுகேம்கீக் தளத்தில் சேகரிப்பை ஏற்றினால் ஆட்கணக்கு, நேரம், எடைப் புள்ளி எல்லாம் தானாக வந்துவிடும், கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும். அதில் தானாக வராதது ‘எந்தக் கட்டம்’ என்பதும் ‘எந்தக் காய் குறைகிறது’ என்பதும். இந்த இரண்டுக்காகச் சாதாரண விரிதாள் ஒன்றில் இரண்டு பத்தி போதும்.

அலமாரி வாங்கும்போது இருக்கும் பெட்டிகளுக்குச் சரியாக வாங்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு காலியாக நிற்கட்டும். அந்தக் காலி இடத்திலும் மேஜைக்கு மிக அருகில், இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரு கட்டத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பதினொன்றரை மணிக்கு யாருக்கும் சரியான இடம் தேட மனமில்லாதபோது அன்று ஆடிய பெட்டிகள் அங்கே போகும். அது நான்கு பெட்டிதான் கொள்ளும். ஐந்தாவதை வைக்க இடமில்லாத நாளில், முதல் நான்கும் அவரவர் இடத்துக்குப் போய்ச் சேரும்.